கேஸ் எங்கே போனது?

மூன்று கோடைக்காலம் தொடர்ந்து எங்கள் வீட்டு ஏசிக்கு கேஸ் நிரப்பினோம். சித்திரை பிறந்ததும் அறை குளிராது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வருவார். மொட்டை மாடிக்குப் போய் அவுட்டோரில் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். "கேஸ் தீந்துபோச்சு சார்" என்பார். அரை மணி நேரத்தில் அறை சில்லென்றாகிவிடும். பணத்தை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த சித்திரையில் அதே கதை.

நான்காம் வருடம் அவர் வெளியூர் போயிருந்ததால் வேறொரு தம்பி வந்தார். மீட்டரைப் பார்த்தவர் சிலிண்டரைக் கையில் எடுக்கவில்லை. என்னிடம் திரும்பி, "போன வருஷம் போட்ட கேஸ் எங்க சார் போச்சு?" என்று கேட்டார்.

"ஓடி ஓடித் தீர்ந்திருக்கும்" என்றேன்.

"பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்றதுக்கு? உள்ள சுத்திக்கிட்டே இருக்கற சாமான். ஓட்ட இல்லாம போகவே போகாது."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான், புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு வீட்டின் ஏசிக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது. தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் நாம் பேசுகிறோம். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் கொட்டுவதுதான் அது செய்யும் வேலை. கவலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சால் கிணற்றுக்குள் இறங்கும், நீரை மொண்டுகொண்டு மேலே வரும், வாய்க்காலில் கவிழ்க்கும், வெறுஞ்சாலாகத் திரும்ப இறங்கும். நீர்தான் இடம் மாறுகிறது. சால் அதே சால். ஏசிக்குள் ஓடும் கேஸ் அந்தச் சாலைப் போன்றது. பத்து வருடம் இறைத்தாலும் சால் தீராது. அதில் ஓட்டை விழுந்தால்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேராது.

இன்றைய வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். திறந்த வெளியில் இது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் அந்த இடம் சில்லென்று இருக்குமே, ஆவியாகிற திரவம் தோலின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதால்தான். அறைக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆர்-32 அப்படித்தான் கொதிக்கிறது. எந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும் என்பதைக் குழாயின் அழுத்தம் தீர்மானிக்கும். ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரிக்குள் கொதிக்கும்படி அழுத்தத்தை வைத்திருப்பார்கள். வெப்பத்தை உறிஞ்சிய ஆவி மாடிக்குப் போகிறது. அங்கே கம்ப்ரசர் அதை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடேறி, சித்திரை வெயிலைவிடவும் சூடான நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் 38 டிகிரி வெளிக்காற்றால்கூட அதைக் குளிர்விக்க முடிகிறது. வெப்பத்தைக் காற்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகி, கீழே இறங்குகிறது.

ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த டன் ஏசியின் எடையைச் சொல்வதில்லை. பனிக்கட்டி விற்ற காலத்துக் கணக்கு அது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அதுதான் ஒரு டன். நம் படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி இரவு பகல் முழு வேகத்தில் ஓடினால், தினம் 1,360 கிலோ பனிக்கட்டியை இறக்கி வைத்ததற்குச் சமம். இதைச் செய்வது ஒரு கிலோவுக்கும் பெரும்பாலும் குறைவாக இருக்கும் கேஸ், சுற்றிச் சுற்றி வந்து.

கேஸ் குறைந்தால் அறை சூடாகும், அது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு விந்தை நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது. ஏசியின் வாயில் வெள்ளையாக ஐஸ் கட்டியது. "பரவாயில்ல, நல்லாத்தான் கூலிங் பண்ணுது" என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

உண்மை தலைகீழ். கேஸ் குறைந்தால் காயிலில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் மிச்சமிருக்கும் கேஸ் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஏற்காடு, ஊட்டி மாதிரி மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்று பள்ளியில் படித்த அதே விதி. எட்டு டிகிரியில் இருக்க வேண்டிய காயிலின் ஒரு பகுதி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். பனி வளர்ந்து தகடுகளுக்கு நடுவே காற்று நுழையும் வழியை அடைக்கும். காற்று நுழையாவிட்டால் காயிலுக்கு வெப்பம் கிடைக்காது, இன்னும் குளிரும், இன்னும் பனி சேரும். கடைசியில் அறை புழுங்க, காயில் மட்டும் இமயமலையாக நிற்கும். நிறுத்தினால் அத்தனையும் உருகி, தட்டில் அடங்காமல் சுவரில் வழிந்து மெத்தைக்கு வரும்.

இதே பனி, கேஸ் சரியாக இருந்து ஃபில்டர் அடைத்திருந்தாலும் கட்டும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதனால் ஐஸ் கட்டினால் முதலில் நிறுத்தி உருகவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டிப் பாருங்கள். ஏசி ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிற வீடுகளில் பாதித் தொல்லை வருவதே இல்லை. அதற்குப் பிறகும் ஐஸ் கட்டினால்தான் கேஸ்மேல் சந்தேகப்பட வேண்டும்.

புதுச்சேரியில் ஏசியைப் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. வைகாசி மத்தியானம் 35 டிகிரி வெயில், காற்றில் 60 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த அறைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அறையை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து உடம்புக்கு இதமாக ஆக்க, அதில் பாதியையாவது பிழிந்தெடுக்க வேண்டும். அத்தோடு முடியாது. கதவிடுக்கில் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. தூங்குகிற நாமும் மூச்சாகவும் வியர்வையாகவும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அந்த அறையின் காற்றை 35-லிருந்து 25 டிகிரிக்குக் குளிர்விக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ, அதைப்போல் ஆறு மடங்கு வெப்பத்தை எடுத்தால்தான் ஒரே ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும். கடற்கரை ஊரில் ஏசி இவ்வளவு உழைப்பதற்கும், கரண்ட் பில் இப்படி ஏறுவதற்கும் காரணம் வெயில் மட்டுமில்லை. ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றைத் துவட்டுவதற்கே போய்விடுகிறது.

பார்க்கப்போனால் ஏசி பிறந்ததே துவட்டுவதற்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் வண்ணப் படங்கள் சரியாக விழவில்லை. ஒரு நிறத்தை அச்சிட்டு அடுத்த நிறத்துக்கு வருவதற்குள், காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து இம்மி அளவு பெருத்துவிடும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த குழாய்கள்மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை வடியவைக்கும் ஏற்பாடு ஒன்றை வரைந்து கொடுத்தார். மனிதர்களின் சுகம் அந்த வரைபடத்தில் இல்லை, காகிதத்தின் சுகம்தான் இருந்தது. கார்த்திகை மாதத்தில் புத்தக அலமாரியைத் திறந்தால் அட்டைகள் வளைந்து நிற்பதைப் பார்க்கிற புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த அச்சகத்தின் கஷ்டம் புரியும். இந்த ஊரில் பாதுகாக்கப்படுகிற சைவ ஓலைச்சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பூச்சியும் பூஞ்சையும் ஓலையைத் தேடி வருவதற்கு வழி செய்து கொடுப்பது இந்த ஈரம்தான்.

பிழிந்த தண்ணீர் காயிலுக்குக் கீழே ஒரு தட்டில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியேற வேண்டும். ஏசியிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறது என்றால், பெரும்பாலான வீடுகளில் இந்த வழிதான் அடைத்திருக்கும். தட்டில் கைவைத்துப் பார்த்தால் நுங்கு மாதிரி வழவழவென்று ஒன்று கையில் வரும். காற்றில் வந்த தூசியைத் தின்று ஈரத்தில் வளர்ந்த நுண்ணுயிர்களின் குடியிருப்பு அது. ஏசி போட்டதும் நனைந்த சாக்ஸ் வாடை அடித்தால் அதுவும் இவற்றின் வேலைதான். நிறுத்துவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும், வாடை வெகுவாகக் குறையும். பைப்புக்குச் சரிவு இல்லாமல் போட்டிருந்தால் மட்டும் எத்தனை முறை கழுவினாலும் சொட்டத்தான் செய்யும், ஆளை வைத்துச் சரிசெய்தாக வேண்டும்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன்.

அந்தத் தம்பி நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மறுநாள் வந்தார். குழாய்க்குள் 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நைட்ரஜனை ஏற்றினார். கார் டயரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார். வீட்டுக்குள் இருந்த நட்டுகளில் ஒன்றும் இல்லை. மாடிக்கு வந்து அவுட்டோரின் மூடியைக் கழற்றியதும் தடவுவதை நிறுத்திவிட்டு ஓரிடத்தையே உற்றுப் பார்த்தார். குழாயில் ஒரு விரல்கடை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய தூசும். "நுரையே வேணாம் சார், இங்கதான்." கம்ப்ரசருக்கு இடும் எண்ணெயில் கொஞ்சம் கேஸோடு சேர்ந்தே ஊரெல்லாம் சுற்றிவரும். கேஸ் கசிகிற இடத்தில் அதுவும் கசியும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் சாட்சியாக நின்றுவிடும். அந்த இடத்தில் நுரையைத் தடவினார். ஒரு குமிழி மெதுவாக உப்பி, உடைந்து, மறுபடி உப்பியது. மூன்று வருடமாக எங்கள் பணம் போய்க்கொண்டிருந்த வாசல் அது. குண்டூசி முனைகூட இல்லை.

கம்ப்ரசரிலிருந்து வரும் செம்புக் குழாயும், அவுட்டோர் காயிலின் அலுமினியக் குழாயும் சேரும் இணைப்பு அது. அலுமினியத்தின் பக்கம் வெள்ளை மாவாக உதிர்ந்தது.

இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். 1800-ல் வோல்டா செய்து காட்டிய முதல் மின்கல அடுக்கின் சூத்திரம் இதுதான். செத்த தவளையின் காலை இரு உலோகங்களால் தொட்டபோது அது துள்ளியதைக் கால்வானி கண்டதும் இதே வழியில்தான். பழைய டார்ச் செல்லைப் பல மாதம் டார்ச்சுக்குள்ளேயே விட்டுவிட்டால், அதன் துத்தநாகக் கூடு கரைந்து ஓட்டை விழுந்து ஒழுகும், பார்த்திருப்பீர்கள். மின்சாரம் தருகிற உலோகம் தன்னையே கரைத்துத்தான் தரும். செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். எங்கள் மொட்டை மாடியில் விளக்கு எரிக்காத ஒரு பேட்டரி இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காயில் முழுக்கச் செம்புக் குழாயாக இருந்தாலும் கதை பெரிதாக மாறாது. அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் அலுமினியமாயிற்றே. முதலில் அவை மாவாகும். தகடு போனால் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க வழியில்லை, கம்ப்ரசர் சூடேறித் தானே நின்றுவிடும்.

உப்புத் தண்ணீர் மாடிக்கு எப்படி வந்தது? மழை நல்ல தண்ணீர்தானே? எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த பகுதி இதுதான். அலை உடையும்போது காற்றைத் தனக்குள் மடித்துக்கொள்கிறது. அந்தக் காற்று கோடிக்கணக்கான குமிழிகளாக மேலே வந்து உடைகிறது. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது அதன் தோல் நொறுங்கி நுண்துளிகளாகச் சிதறும். குழிந்த இடத்தை நிரப்பப் பாயும் நீர் ஒரு குட்டித் தூணாக எழும்பி, இன்னும் சில துளிகளை மேலே எறியும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. துளியிலிருக்கும் நீர் வழியிலேயே ஆவியாகிவிட, உப்புத் துகள் மட்டும் மத்தியானக் கடல்காற்றில் ஏறித் தெருவுக்குள் வருகிறது. கடலை விட்டு விலக விலக இது வேகமாகக் குறையும். கடலைப் பார்த்த மாடியும், உள்ளே தள்ளியிருக்கும் இலாசுப்பேட்டை மாடியும் இந்த விஷயத்தில் இரண்டு வேறு ஊர்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனி வரலாறும் சேர்ந்துகொண்டது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். அது அங்கேயே தடைபட்டு நின்றது. நகரத்தின் மணற்கரை அரிக்கப்பட்டுப் போனது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மணலில் மெல்ல ஏறி இறங்க வேண்டிய அலை கல்லில் மோதிச் சிதறுகிறது. பீச் ரோட்டில் மாலையில் உட்கார்ந்தால் முகத்தில் படும் சாரலைச் சொல்கிறேன். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. அந்த மணலைக் கண்டு எவ்வளவு பேர் சந்தோஷப்பட்டோம் என்பதை ஊரார் அறிவார்கள்.

உலர்ந்த உப்பு உலோகத்தை ஒன்றும் செய்யாது. அது நனைய வேண்டும். இங்கேதான் புதுச்சேரிக் காற்று மறுபடி வருகிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகக் கசிந்து அடியில் தண்ணீர் நிற்பதை எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் அப்படி நீர்க்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கடலோரக் காற்று அதற்குக் கீழே போவது மிக அபூர்வம். ஆகவே தகட்டில் ஒட்டிய உப்பு வருடம் முழுக்க நனைந்தே இருக்கிறது. மழை தேவையில்லை, பேட்டரிக்கு வேண்டிய நீரைக் காற்றே ஊட்டுகிறது.

இதற்கு மருந்து எளிது: உப்பைக் கழுவிவிட வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரால்? கடலோரத் தெருக்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் கரிக்கும். அதைக்கொண்டு வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பைக் கழுவி உப்பையே பூசியதாக முடியும். நல்ல தண்ணீர் இந்த நகரத்துக்கு நெடுங்காலமாகவே வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவுதான் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். தினமும் அதைத் தாண்டிப் போகிற நமக்கு, குடிநீருக்காக எழுப்பிய மண்டபம் என்பதே மறந்துபோகிறது.

கடலிலிருந்து தள்ளிக் குடியிருந்தால் ஓட்டை விழாதா என்றால், விழும். இலாசுப்பேட்டையில் ஒரு நண்பரின் புது வீட்டில் மூன்றாம் வருடமே கேஸ் போனது. அவருக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில், செம்புக் குழாயிலேயே. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இந்த அரிப்புக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் எறும்புப்புற்று அரிப்பு. குழாயைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், செம்புக்குள் கிளைகிளையாக, அறை அறையாகச் சுரங்கங்கள் ஓடும், அச்சாக எறும்புப் புற்று. இதைத் தோண்டுவது ஈரமும் ஆக்சிஜனும் கொஞ்சம் கரிம அமிலமும். அந்த அமிலங்களில் முக்கியமான ஒன்று ஃபார்மிக் அமிலம். 1671-ல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தெடுத்ததால், லத்தீனில் எறும்பின் பெயரே அதற்கு வந்தது. எறும்பின் அமிலம் எறும்புப் புற்றைப்போலவே செம்பைக் குடைகிறது. பெயரிட்டவர்கள் புற்றின் உருவத்தைப் பார்த்துத்தான் இட்டார்கள் என்றாலும், இந்தப் பொருத்தம் என்னை விட்டுப் போகவே இல்லை. புது பிளைவுட் அலமாரியின் பசை, பெயின்ட், வினிகர் கலந்த துடைப்புத் திரவங்கள் எல்லாம் இத்தகைய அமிலங்களைக் காற்றில் விடும். ஏசி அறையில் அதே காற்றுதான் சுற்றுகிறது, காயிலோ எப்போதும் நனைந்திருக்கிறது. புதிதாக மரவேலை செய்த அறையைக் கொஞ்ச நாள் ஜன்னல் திறந்து ஆறவிடச் சொல்வது மூக்குக்காக மட்டுமில்லை.

நகருக்குள் ஓடும் பெரிய வாய்க்கால் போன்ற சாக்கடை ஓரங்களில் அவுட்டோர் வைத்தால் மூன்றாவது ஒரு எதிரி உண்டு. அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைப்பது போலவே செம்பையும் கறுக்கவைத்துத் தின்னும்.

கேஸோடு சம்பந்தமில்லாத கோளாறுகளும் உண்டு. அவுட்டோர் உம்மென்று முனகிவிட்டு ஃபேனோ கம்ப்ரசரோ சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். சூட்டில் வருடக்கணக்காக இருந்து அதன் தேக்கும் திறன் குறைந்திருக்கும். விலை அதிகமில்லாத சாமான், ஆனால் மெயினை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், நாம் கைவைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் ஏசி திடீரென்று செத்தால் மூடியைத் திறந்து பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வெதுவெதுப்புத் தேடிப் போன பல்லி போர்டில் ஒட்டிக் கிடப்பது நம் ஊரில் அடிக்கடி நடப்பது.

எங்கள் காயிலை மாற்றியாயிற்று. ஒரு நாள் வேலை. மாற்றிய பிறகு கேஸை ஏற்றுவதற்கு முன்னால், அந்தத் தம்பி ஒரு வேக்கம் பம்பை மாட்டிவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். "இதப் பண்ணாம கேஸ் போட்றவங்ககிட்ட வேலயே குடுக்காதீங்க சார்" என்றார். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்து கெடுக்கும். அந்தச் சொட்டை எப்படி எடுப்பது? காற்றழுத்தத்தை முப்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் தண்ணீர் சாதாரண அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்பு அதை உறிஞ்சிவிடும். அடுப்பில்லாமல் கொதிக்கவைக்கிற வித்தை. பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏசியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று இருந்ததோ அத்தனை கிராம் ஏற்றினார். ஓட்டை எங்கே, நைட்ரஜன் போட்டுப் பார்த்தீர்களா, வேக்கம் எடுத்தீர்களா, எத்தனை கிராம்? கேஸ் போட வருகிற யாரிடமும் இந்த நாலு கேள்வியைக் கேட்கலாம். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார்.

பணம் போனதைவிட இன்னொன்று என்னை உறுத்துகிறது. ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு. எங்கள் வீட்டில் ஒரு கோடையில் காணாமல் போனது 700 கிராம் என்று வைத்தால், அது ஸ்கூட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமமான புகை. இத்தகைய கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் 2016-ல் கிகாலியில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அந்த ஒப்பந்தத்தின் ஒரு முனை எங்கள் மாடியில் ஒரு சோப்புக் குமிழியாக உப்பி உடைந்துகொண்டிருந்தது. நான் மூன்று வருடம் அதைப் பார்க்கவில்லை.

இப்போது ஏசியை 27-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாகச் சுழலவிடுகிறோம். காற்று உலர்ந்திருந்தால் லேசான அசைவே போதும், வியர்வை தன் வேலையைச் செய்துவிடும். 1930-களில் இங்குள்ள அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட், அதை நடத்திக் கட்டிய ஜார்ஜ் நகாஷிமா முதலானவர்கள் ஏசி இல்லாமலே இந்த ஊரோடு பேசியவர்கள். நீண்ட பக்கங்களில் சுவருக்குப் பதில் தரையிலிருந்து கூரைவரை திருப்பி வைக்கும் பலகைகள். வெயில் உள்ளே வராது, காற்று நிற்காது. ஈரத்தை அந்தக் கட்டடத்தால் பிழிய முடியாது. அந்த ஈரக்காற்றையே உடம்பின்மேல் ஓடவிட்டு இதமாக்கத் தெரிந்திருந்தது. தெருவிலிருந்து அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம், ஜன்னலை அடைத்துவிட்டுக் காற்றைத் துவட்டிக்கொண்டிருக்கும் என் அறை நினைவுக்கு வரும்.

எங்கள் ட்ரெயின் பைப் பின்சந்தில் ஒரு வாளியில் விழுகிறது. இரவு முழுக்க ஓடினால் காலையில் பாதி வாளிக்கு மேல் இருக்கும். குடிக்க ஆகாது, தூசியும் கிருமியும் இருக்கும். ஆனால் ஆவியிலிருந்து வடிந்த தண்ணீர், உப்பென்பது அதில் அநேகமாக இல்லை. இதைவிட நல்ல தண்ணீரைக் கழுவுவதற்கு எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் மெயினை நிறுத்திவிட்டு, அந்த வாளியை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், அவுட்டோரின் தகடுகள்மேல் சொம்பு சொம்பாக மெதுவாக ஊற்றுகிறேன். முதல் நாள் ஊற்றியபோது கீழே வழிந்ததில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.